மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் பிரயாணம்

பருவந்தோறும் பறவைகள் இடம் பெயர்ந்து செல்வது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. வேடந்தாங்கல் ஏரிக்கும் கோடிக்கரைச் சதுப்பு நிலத்திற்கும் வந்து தங்கி மீளும் புள்ளினங்களை நம்மிற் பலர் நேரிற் கண்டிருக்கின்றோம். ஆயின் பறவைக்குச் சூடான இரத்தமுண்டு. ஆண்டுகள் பலவாய் நீளும் ஆயுளுண்டு. சென்ற வழியே மீண்டு, மறுமுறையும் அவ்வழியே செல்லும் பழக்கமுண்டு. மூத்தனவற்றோடு கூடிச் சென்று இளையன வழி கற்றுக்கொள்ளுதலும் சில இனங்களில் உண்டு. இவற்றுள் ஒன்றேனும் இல்லாத ஒரு சிற்றுயிர், அரைக் கிராம் அளவே நிறையுள்ள ஒரு வண்ணத்துப்பூச்சி, 3,000 மைல் வரையிற் பறந்து, தானும் தன்னைப் பெற்ற தாயும் ஒருநாளும் கண்டிராத ஒரு மலைக்காட்டைச் சென்றடைகின்றதென்றால், கேட்போர் ஐயுறுவது இயல்பே. வட அமெரிக்காவில் வாழும் மொனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சி இதனை ஆண்டுதோறும் செய்து வருகின்றது. அதன் வாழ்க்கையையும் பிரயாணத்தையும், அப்பிரயாணத்திற்கு இக்காலத்து நேர்ந்துள்ள இடரையும் ஈண்டுச் சிறிது விரித்துரைக்க முற்படுகின்றோம்.

மொனார்க் என்பதற்கு முடியரசன் என்பது பொருள். சுவீடன் தேசத்து லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். சிறகுகளை விரித்தால் ஏறக்குறைய 4 அங்குல அகலம் காணும். சிறகின் நிறம் செம்மஞ்சள். அதன்மேற் கரிய நரம்புகள் ஓடும். கரிய விளிம்பில் வெண்புள்ளிகள் இருவரிசையாக அமைந்திருக்கும். ஆணின் பின்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு நரம்பின்மேற் கரும்பொட்டு ஒன்று உண்டு, பெண்ணுக்கு அஃதில்லை. நம் ஊர்ப் புறங்களில் எருக்கஞ்செடியைச் சுற்றி மெல்லப் பறந்து திரியும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியைக் கவனித்திருப்போர் மொனார்க்கைப் பாதி கண்டவரே ஆவர். ஏனெனில் அவையிரண்டும் மிக நெருங்கிய உறவின. பருவமழையை ஒட்டி நம் கீழைச் சமவெளிகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே கூட்டங்கூட்டமாகப் பெயரும் நீலவரிப் பூச்சிகளும் இக்குடும்பத்தைச் சார்ந்தனவே. ஆயினும் தூரத்தில் அவை மொனார்க்குக்கு ஈடாகா.

மொனார்க்கின் இளமை முழுவதும் ஒரே வகைச் செடியை நம்பி நிற்பது. அச்செடியை அந்நாட்டார் மில்க்வீட் என்பர். பாற்பூண்டு என நாம் கூறலாம். அது நம் எருக்கின் இனத்தது. பெண்பூச்சி அதன் இலையின் அடிப்புறத்தில் ஒவ்வொன்றாக முட்டையிடும். தன் வாழ்நாளில் 300 முதல் 500 வரை இடும். நாலைந்து நாளில் வெளிவரும் புழு முதலில் தான் கிடந்த முட்டையோட்டைத் தின்று, பின்பு இலையைத் தின்னத் தொடங்கும். கருமை, மஞ்சள், வெண்மை என்னும் மூன்று நிறப் பட்டைகள் அதன் உடலெங்கும் உண்டு. இரண்டு வாரத்திற்குள் நான்கு முறை தோலுரித்து, பிறந்தபோதிருந்ததைப் போல் ஏறக்குறைய 2,000 மடங்கு நிறையடைகின்றது. பின்பு தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகின்றது. அக்கூடு பச்சை மணிக்கல் போன்றது, பொற்புள்ளிகள் பதித்தது. மேலும் இரண்டு வாரத்திற்குள் பூச்சி வெளிப்படும்.

எருக்கிலையை ஒடித்தால் வடியும் பால் கண்ணிற் படலாகாதென்று பெரியோர் சிறுவரை எச்சரிப்பது வழக்கம். பாற்பூண்டின் பாலும் அத்தகையதே. அதிலுள்ள நஞ்சு இருதயத்தைத் தாக்கும். ஆடுமாடுகள் மிகுதியாய்த் தின்றால் மாளும். மொனார்க்கின் புழுவோ அதனையன்றி வேறொன்றையும் தீண்டுவதில்லை. பசைபோன்ற பாலில் வாய் சிக்கிவிடாதபடி, முதலில் இலைநரம்பைக் கடித்துத் துண்டித்துப் பாலோட்டத்தை நிறுத்திவிட்டு, அதற்கப்பாலுள்ள பகுதியை உண்ணும் அதன் திறம் வியக்கத்தக்கது. நஞ்சு அதனைக் கொல்லாமைக்குக் காரணம் வேறு. பிராணிகளின் உயிரணுக்களில் உப்புச்சத்தை வெளியே இறைக்கும் புரதமொன்று உண்டு; நஞ்சு அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு அதன் தொழிலைத் தடுக்கும். மொனார்க்கின் உடலில் அப்புரதம் நஞ்சின் பிடிக்கு அகப்படாதவாறு சிறிது மாறியுள்ளது. 2019ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் இதே மாறுதலைப் பழ ஈக்களின் மரபணுவிற் புகுத்திப் பார்த்தனர். அவ்வீக்களும் அந்நஞ்சை உண்டு உயிர்பிழைத்தன.

உண்ட நஞ்சைப் புழு கழித்துவிடுவதில்லை, உடலிற் சேமிக்கின்றது, சிறகு முளைத்த பின்னரும் அது நீங்குவதில்லை. லிங்கன் புரோவர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1960களில், கூண்டில் வளர்ந்த நீல ஜே என்னும் பறவைக்கு மொனார்க்கை உணவாகக் கொடுத்தார். பறவை உண்டது, சிறிது நேரத்தில் வாந்தியெடுத்தது, அதன்பின் மொனார்க்கைக் கண்ணெடுத்தும் பாராதாயிற்று. பளிச்சென்ற அந்நிறம் அழகுக்காக அமைந்ததென்று எண்ணுவோர் இப்பறவையைக் கேட்டறிக. எனினும் உலகில் எந்தக் கோட்டைக்கும் ஒரு திட்டிவாசல் உண்டு. மெக்ஸிகோ நாட்டில் கருமுதுகு ஓரியோல், கருந்தலைக் குரோஸ்பீக் என்னும் இருவகைப் பறவைகள் குளிர்காலமெல்லாம் மொனார்க்குகளைக் கொன்று தின்கின்றன.

இனிப் பிரயாணத்திற்கு வருவோம். ராக்கி மலைகளுக்குக் கிழக்கே வாழும் மொனார்க்குகள் குளிர்காலத்தை மெக்ஸிகோவின் நடுப்பகுதியிலுள்ள மலைகளிற் கழிக்கின்றன. மார்ச்சு மாதத்தில் அவை வடக்கு நோக்கிப் புறப்பட்டு, டெக்ஸாஸ் முதலிய தென்மாநிலங்களில் அப்பொழுதுதான் துளிர்க்கும் பாற்பூண்டுகளில் முட்டையிட்டு மடிகின்றன. அவற்றின் மக்கள் மேலும் வடக்கே சென்று முட்டையிட்டு இறக்கும். இவ்வாறு தலைமுறை தலைமுறையாக, இளவேனிலின் பச்சையைப் பின்தொடர்ந்து சென்று, கோடையில் கனடாவின் தென்பகுதியை எட்டுகின்றன. கோடையிற் பிறந்த பூச்சியின் ஆயுள் இரண்டு முதல் ஆறு வாரமே. ஆகவே இலையுதிர்காலத்தில் மெக்ஸிகோவுக்குத் திரும்பிச் செல்வன, அங்கிருந்து வந்தவற்றின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளோ எள்ளுப்பேரப் பிள்ளைகளோ ஆகும். "திரும்புதல்" என்னும் சொல்லே இங்குப் பொருந்தாது. அவற்றுள் ஒன்றும் முன்பு அங்கிருந்ததன்று.

ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் கூட்டைவிட்டு வெளிப்படும் இத்தலைமுறை, உருவத்தில் தன் பெற்றோரை ஒத்திருந்தும் இயல்பில் முற்றிலும் வேறானது. பகல் குறுகுதலும், இரவு குளிர்தலும், பாற்பூண்டின் இலை முதிர்ந்து பழுத்தலும் கூடி, இளமையை முதிர்விக்கும் ஹார்மோன் ஒன்றை அதனுடலிற் குறைத்துவிடுகின்றன. அதனால் இனவிருத்திக்குரிய உறுப்புகள் வளராது நிற்கின்றன; இணை தேடும் வேட்கையும் எழுவதில்லை. அங்ஙனம் மிஞ்சிய வலிமையெல்லாம் பயணத்திற்கும் ஆயுளுக்கும் பயன்படுகின்றது. ஆறு வாரத்தில் மாண்டுபோன தாய்க்குப் பிறந்த இப்பூச்சி எட்டு ஒன்பது மாதம் வாழ்கின்றது. மனிதக் கணக்கிற் சொன்னால், எழுபது வயதில் இறந்தவரின் பிள்ளை நானூறு ஆண்டு வாழ்வதற்கு ஒப்பாகும்.

வெயில் ஏறியபின் தரையினின்று எழும் சூடான காற்றிற் சுழன்றேறி, உயரத்திற் சென்றதும் சிறகை அசைக்காது மிதந்து செல்வது இவற்றின் வழக்கம். நல்ல காற்றுள்ள நாளில் 50 முதல் 100 மைல் வரை கடக்கும். இரவிற் பறப்பதில்லை, மாலையில் மரங்களிற் கூடித் தங்கும். வழிநெடுகப் பூந்தேன் பருகுவதால், நெடும்பயணம் செய்த களைப்பில் மெலிந்து போவதற்கு மாறாக, உடலிற் கொழுப்பு நிறைந்து மெக்ஸிகோவைச் சேர்கின்றன. அங்கே குளிர்காலத்தில் அவற்றுக்கு உணவு மிகக் குறைவு. வழியிற் சேர்த்த கொழுப்பே மார்ச்சு வரையில் உயிரைத் தாங்கவேண்டும். சேரும் காலம் நவம்பர் தொடக்கம். அதுவே அந்நாட்டார் இறந்தோரை நினைந்து விழாவெடுக்கும் காலமுமாதலின், மலையடிவாரத்துக் கிராமத்தார் இப்பூச்சிகளை மீண்டு வரும் முன்னோரின் ஆவிகளென்று கருதி வந்தனர்.

இத்தனை கோடிப் பூச்சிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது வெளியுலகிற்கு 1975ஆம் ஆண்டு வரையில் தெரியாதிருந்தது. கனடாவிலுள்ள டொரொன்டோ நகரத்துப் பேராசிரியர் பிரெட் உர்க்கார்ட்டும் அவர் மனைவியார் நோராவும் இவ்வினாவுக்கு விடை காண்பதிலேயே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளைச் செலவிட்டனர். பூச்சியின் சிறகில் எண்ணும் விலாசமும் அச்சிட்ட சிறு சீட்டை ஒட்டிப் பறக்கவிடுவது அவர்கள் கையாண்ட முறை. முதலில் ஒட்டிய சீட்டுகள் மழையில் நனைந்து விழுந்தன. பின்னர் கடைகளில் விலை குறிக்கப் பயன்படும் பிசின் சீட்டுப் போன்றதொன்றை, சிறகின் முன்விளிம்பில் செதில்களைத் துடைத்துவிட்டு மடித்தொட்டினர், அது நின்றது. 1952ஆம் ஆண்டில் நோரா அம்மையார் பத்திரிகையில் உதவி கோரி எழுதியதன்பின், ஆயிரக்கணக்கான பொதுமக்களும் பள்ளி மாணவரும் இவ்வேலையிற் சேர்ந்தனர். கிடைத்த சீட்டுகளைப் படத்திற் குறித்துப் பார்த்தபோது கோடுகளெல்லாம் டெக்ஸாஸ் வழியாகத் தென்மேற்கே சென்றன. அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை.

அம்மையார் மெக்ஸிகோ நாட்டுப் பத்திரிகைகளுக்கும் எழுதினார். அதனைக் கண்டு 1973இல் விடையளித்தவர் அங்கு வசித்த கென் புருக்கர் என்னும் அமெரிக்கர். அவரும், மிச்சோவாக்கான் மாநிலத்தில் வளர்ந்த கத்தாலினா அகுவாடோவும் மலைப் பாதைகளில் அலைந்து, இறந்த பூச்சிகள் சிதறிக் கிடந்த தடங்களைப் பின்பற்றி, 1975 ஜனவரி 2ஆம் நாள் செரோ பெலோன் என்னும் மலையில் அக்கூட்டத்தைக் கண்டனர். புருக்கர் நிறங்களைப் பிரித்தறிய இயலாதவரென்பர். இலட்சோபலட்சம் செம்மஞ்சட் சிறகுகள் அவர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றினவோ! மறுவருஷம் ஜனவரியில் உர்க்கார்ட் தம்பதிகள் முதுமைப் பருவத்தில் அம்மலையேறினர். பேராசிரியர் இளைப்பாறிக் கொண்டிருந்த இடத்திலேயே, பூச்சிகளின் பாரம் தாங்காது ஒரு கிளை முறிந்து விழுந்தது. விழுந்தவற்றுள் ஒன்றின் சிறகில் சீட்டு ஒன்று காணப்பட்டது. 1,700 மைலுக்கு அப்பாலுள்ள மின்னசோட்டாவில் முந்திய ஆகஸ்டில் ஒட்டியது. கனடாவினின்றும் ஐக்கிய நாட்டினின்றும் மறைந்த பூச்சிகள் இவையேயென்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் இதனைக் "கண்டுபிடிப்பு" என்று கூறும்போது நாம் சிறிது தயங்குகின்றோம். அம்மலைவாழ் மக்கள் அம்மரங்களைத் தலைமுறைகளாக அறிவர். அவர்கள் அறியாதது பூச்சிகள் எங்கிருந்து வருகின்றன என்பதொன்றே. கனடா நாட்டார் அறியாதது எங்குச் செல்கின்றன என்பது. இரு பாதிகளும் அன்று ஒன்றுகூடின.

அம்மலைகள் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 10,000 அடி மேலுள்ளவை. அங்கு ஒயாமெல் என்னும் ஊசியிலை மரம் அடர்ந்து வளர்கின்றது. மரப்பட்டை தெரியாதவாறும் கிளைகள் தாழுமாறும் மொனார்க்குகள் அடையடையாய் அப்பியிருக்கும். வெயில் படும் வேளையில் அவை ஒருங்கே எழுந்தால் சிறகோசை சிறுதூறல் போற் கேட்குமென்று கண்டோர் கூறுவர். குளிர்ந்த இடத்தை அவை நாடுவது ஏன் என வினவலாம். வெப்பமான இடத்திலிருந்தால் உடல் விரைவில் இயங்கிக் கொழுப்பு கரைந்துவிடும். மிகக் குளிர்ந்த இடத்திலோ உறைந்து இறக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குளிரை அக்காடு தருகின்றது. மேற்கவிந்த கிளைகள் இரவிற் போர்வையாகவும் மழையிற் குடையாகவும் உதவுகின்றன. குடை மிக இன்றியமையாதது; உலர்ந்த பூச்சி தாங்கும் குளிரை நனைந்த பூச்சி தாங்காது. 2002 ஜனவரியில் மழையும் அதனைத் தொடர்ந்து கடுங்குளிரும் வந்தபோது, பெரிய இரு கூட்டங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மடிந்தன. ஒருசில மரங்களை மட்டும் வெட்டினாலும் அவ்விடைவெளி போர்வையிற் கிழிசலாகின்றது.

வழியறியும் விதத்தை விஞ்ஞானிகள் படிப்படியாகவே ஆராய்ந்தறிந்தனர். பூச்சியை மெல்லிய கம்பியிற் பிணித்து, பீப்பாய் போன்றதொரு கலத்தினுட் பறக்கவிட்டு, அது முகங்கொள்ளும் திசையைக் குறிப்பது முறை. சூரியனே அதற்குத் திசைகாட்டி. ஆனால் சூரியன் ஓரிடத்தில் நிற்பதில்லை. காலையிற் கிழக்கிலும் மாலையில் மேற்கிலும் உள்ள சூரியனைக் கொண்டு தென்மேற்கை அறிய, மணியும் தெரிந்திருக்க வேண்டும். விளக்குகளால் பகலிரவை 6 மணி நேரம் மாற்றிப் பழக்கிய பூச்சியை வெயிலிற் கொணர்ந்தபோது, அது ஏறக்குறைய ஒரு செங்கோணம் திசை பிறழ்ந்து பறந்தது. எனவே உடலுள் ஒரு கடிகாரம் உண்டென்பது தெளிவு. அக்கடிகாரம் மூளையிலிருக்குமென்று அனைவரும் கருதியிருக்க, 2009ஆம் ஆண்டில் மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்து ஸ்டீவன் ரெப்பர்ட்டும் அவர் துணைவரும் அது உணர்கொம்புகளில் உள்ளதெனக் காட்டினர். உணர்கொம்பிற் கரிய வண்ணம் பூசிய பூச்சி திசை கெட்டது. நிறமற்ற வண்ணம் பூசியது நேரே சென்றது. சூரியன் மறைந்த நாளில் பூமியின் காந்தசக்தியும் உதவுகின்றதென்பது 2014இல் வெளியாயிற்று.

வசந்தத்தில் அதே பூச்சி வடக்கே திரும்புவது எங்ஙனம்? தெற்கு நோக்கும் பூச்சிகளைப் பிடித்து 24 நாள் குளிரில் வைத்தபின் பறக்கவிட்டால், அவை வடக்கு நோக்கிப் பறக்கின்றன. குளிரில் வைக்கப்படாதவை வசந்தம் வந்தபின்னும் தெற்கையே நோக்குகின்றன. ஆகவே மலைக்காட்டின் குளிர் தங்குமிடத்தின் அசௌகரியம் அன்று. அதுவே ஊர்திரும்பும் கட்டளை. மற்றொரு சோதனையில், ஒன்டாரியோவிற் பிடித்த பூச்சிகளை ஏறக்குறைய 1,500 மைல் மேற்கே கொண்டுபோய்ப் பார்த்தனர். அவை தாம் இடம் மாற்றப்பட்டதை உணராது, பழைய தென்மேற்குத் திசையையே பற்றி நின்றன. அத்திசையிற் சென்றால் மெக்ஸிகோவைக் காணாது. ஆதலின் மொனார்க்கிடம் திசைகாட்டி உண்டு, தேசப்படம் இல்லை. மலையும் கடலும் இருபுறமும் நெருக்கி வழியைக் குறுக்குவது ஓரளவு துணைசெய்யும். ஆயினும் குறிப்பிட்ட சில மலைமுடிகளையே அவை தேர்ந்து சேர்வதற்கு முழு விளக்கம் ஒருவரும் இதுவரை கூறவில்லை.

மொனார்க் என்னும் பூச்சி வேறு, மொனார்க்கின் பிரயாணம் வேறு என்பதை வாசகர் இங்குக் கவனிக்க வேண்டுகின்றோம். 19ஆம் நூற்றாண்டில் இப்பூச்சி ஹவாய், நியூஸிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிற் குடியேறிற்று. ஸ்பெயினிலும் கரீபியன் தீவுகளிலும் உண்டு. இவ்விடங்களில் அது நலமாகவே வாழ்கின்றது. ஆயினும் 3,000 மைற் பிரயாணத்தை எங்கும் செய்வதில்லை. 2014இல் பல நாட்டு மொனார்க்குகளின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, ஆதியினம் வட அமெரிக்காவில் இடம்பெயரும் இனமாகவே இருந்ததென்றும், வெளியேறிக் குடியமர்ந்த கிளைகள் அவ்வியல்பைப் பின்னர் இழந்தனவென்றும் தெரியவந்தது. இழப்பதற்கு நெடுங்காலமும் வேண்டா. சிக்காகோ பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விற்பனைக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்பட்ட மொனார்க்குகள் இலையுதிர்காலத்திலும் தெற்கு நோக்காது மனம்போன திசையில் திரும்பின. காட்டுப்பூச்சிகளின் முட்டைகளையே வீட்டினுள் வைத்து வளர்த்தபோதும் பெரும்பாலன திசையறியாதனவாயின. இவ்வளவு நுட்பமான கருவி இத்தனை எளிதிற் கெடுமோ என்று நாம் வியந்ததுண்டு. நுட்பமானதாலேயே கெடுகின்றது போலும்.

அப்பிரயாணம் இப்பொழுது தேய்ந்து வருகின்றது. கோடிக்கணக்கான பூச்சிகளை எண்ணுதல் இயலாதாகையால், அவை அடைந்திருக்கும் காட்டின் பரப்பையே ஆண்டுதோறும் டிசம்பரில் அளந்து கணக்கிடுகின்றனர். ஒரு ஹெக்டேரில், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கரில், 2 கோடிப் பூச்சிகள் இருக்கலாமென்பது ஒரு மதிப்பு. 1996-97 குளிர்காலத்தில் அப்பரப்பு 18.19 ஹெக்டேர். 2013-14இல் 0.67 ஹெக்டேர். 2023-24இல் 0.9, அடுத்த குளிர்காலத்தில் 1.79. ஒரு காலத்தில் ஒரு நடுத்தரக் கிராமத்தின் நன்செய் அளவு பரந்திருந்த கூட்டம், ஓராண்டில் ஒரு மாந்தோப்பினுள் அடங்கிவிட்டது.

காரணம் பல. மெக்ஸிகோ அரசாங்கம் 1986இல் இக்காடுகளைப் பாதுகாப்பிற் கொணர்ந்து, 2000இல் அவ்வெல்லையை விரித்தது. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அவை சேர்ந்தன. அப்படியிருந்தும் களவாக மரம் வெட்டுதல் முற்றும் நிற்கவில்லை. வடக்கே மக்காச்சோளமும் சோயாவும் பயிராகும் பெருவயல்களில் முன்பு களையோடு களையாகப் பாற்பூண்டு வளர்ந்து வந்தது. 1990களின் பிற்பகுதியில், களைக்கொல்லி மருந்தைத் தாங்கும் பயிர்வகைகள் வந்தபின், உழவர் வயல் முழுதும் மருந்து தெளிக்கலாயினர். பயிர் நின்றது, பாற்பூண்டு மாய்ந்தது. இதுவே தலையாய காரணமென்பார் பலர். கோடைக்காலத்துத் தொகை அவ்வளவு குறையவில்லை, வழியில் மடிவனவே மிகுதி என்பார் வேறு சிலர். இரண்டும் உண்மையாயிருக்கத் தடையில்லையென்பது நம் கருத்து.

நல்லெண்ணமும் சிலவிடத்துத் தீங்காகின்றது. மொனார்க்குக்கு உதவவேண்டித் தென்மாநிலத்தார் பலர் தோட்டங்களில் வெப்பநாட்டுப் பாற்பூண்டை நட்டனர். அது குளிர்காலத்திலும் வாடாது நிற்பது. இலை கிடைப்பதனால் பூச்சிகள் சில மெக்ஸிகோவுக்குச் செல்லாது அங்கேயே தங்கி முட்டையிடலாயின. ஒரே செடியில் ஆண்டு முழுதும் புழுக்கள் மேய்வதால், மொனார்க்கின் உடலில் வாழும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி அங்குப் பெருகுகின்றது. நெடும்பயணம் நோயுற்றவற்றை வழியிற் கழித்துவிட்டுத் திடமானவற்றையே கரைசேர்க்கும் சல்லடையாகவும் இருந்து வந்ததென்பது, பயணம் நின்ற இடத்திலேதான் விளங்கிற்று. இப்பொழுது அவ்வந்நாட்டுக்குரிய பாற்பூண்டையே நடுமாறு அறிந்தோர் கூறுகின்றனர்.

2022இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இடம்பெயரும் மொனார்க்கை அபாய நிலையிலுள்ளதாக அறிவித்து, அடுத்த ஆண்டில் அதனை ஒருபடி தளர்த்தியது. 2024 டிசம்பரில் ஐக்கிய நாட்டு அரசாங்கத்தார் சட்டப் பாதுகாப்பளிக்க முன்மொழிந்தனர். மெக்ஸிகோவில் வேறொரு முயற்சி நடைபெறுகின்றது. உலகம் வெப்பமடைந்து வருவதனால் இந்நூற்றாண்டின் இறுதியில் ஒயாமெல் மரத்திற்கு இப்பொழுதுள்ள மலைச்சரிவுகள் ஏற்றனவாக இரா என்று கணித்த மிச்சோவாக்கான் ஆராய்ச்சியாளர் சிலர், அம்மரத்தின் நாற்றுகளை நெவாடோ தெ தொலூக்கா என்னும் எரிமலையின் உயர்ந்த சரிவுகளில், வேறு செடிகளின் நிழலிலே நட்டிருக்கின்றனர். நாற்றுகள் பல வேரூன்றிவிட்டன. கூட்டத்தைத் தாங்கும் பருமனுக்கு அவை வளரப் பல பத்தாண்டுகள் செல்லும். முன்பின் கண்டிராத அவ்விடத்தை அக்காலத்து மொனார்க்குகள் நாடுமோ நாடாவோ என்பது அதன்பின்னரே தெரியவரும்.